நடுவில் ஆள் வைக்காமல்

லியோனில்தே சப்பாரோவின் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் முடியோடு ரகசியத்தையும் அங்கேயே உதிர்த்துவிட்டுப் போவார்கள் என்று சொகமோசோ என்கிற மலையூரில் ஒரு பேச்சு உண்டு. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டுவாள், தண்ணீர் தெளிப்பாள், சீப்பை வைப்பாள், கேட்க ஆரம்பித்துவிடுவாள். பையன் இன்னும் சுரங்க வேலைக்குத்தான் போகிறானா, மருமகள் ஏன் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள், வீட்டை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேனே, நிஜமா. காதோரம் இன்னும் கொஞ்சம் எடுக்கட்டுமா என்று கேட்கிற அதே குரலில்தான் இதையும் கேட்பாள். பதில் தானாக வந்து விழும். ஊர்ப் பாதிரியார்கூட அவளிடம் முடி வெட்டிக்கொள்ளும்போது வாயைக் கொஞ்சம் அடக்கியே வைத்திருப்பார்.

அவளுக்கு ஒரே மகள், யுரானி. தலைநகரில் ஆங்கிலம் படித்துவிட்டு, உபத்தே ஊரில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். சங்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற நிபுணர்கள் சொல்வதை மாட்டுக்காரர்களுக்கும், மாட்டுக்காரர்கள் சொல்வதை நிபுணர்களுக்கும் எடுத்துச் சொல்வதுதான் வேலை. அவள் ஒரு நாள் போனில், "அம்மா, நான் ஒருத்தர விரும்புறேன். ஸ்காட்லாந்துக்காரர். மாட்டு டாக்டர். பேரு ஃபின்லே" என்றாள்.

"வயசு என்ன? என்ன சாப்பிடுவான்? கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"

"மூச்சு விட்டுக் கேளுங்கம்மா. ஞாயித்துக்கிழமை வீடியோவுல காட்டுறேன். நீங்களே கேளுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை லியோனில்தே சலூன் கண்ணாடிக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் ஒரு செம்பட்டைத் தலை தெரிந்தது. முடி காதை மூடிக் காலரில் புரண்டது. யார் கையிலாவது சிக்கிச் சில மாதம் ஆகியிருக்கும் என்று அவள் கண் முதலில் அதைத்தான் கணக்குப் போட்டது. முகம் நல்ல முகம். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது.

"எப்படி இருக்கார்னு கேளு."

யுரானி கேட்டாள். அவன் கையை ஆட்டி, மேலே பார்த்து, சிரித்து, நடுவில் ஒரு மாடு மாதிரிக் கத்திக்கூடக் காட்டி நெடுநேரம் பேசினான்.

"நல்லா இருக்கேங்கிறார்" என்றாள் யுரானி.

"இவ்வளவு நேரம் அதையா சொன்னான்?"

"ஆமாம்மா."

அடுத்து, அவன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கச் சொன்னாள். அதற்கும் அவன் ஒரு பாட்டம் பேசினான். "அப்பா ஆடு வளக்குறார்" என்று நறுக்கென்று வந்தது மொழிபெயர்ப்பு. லியோனில்தேக்குப் பசியோடு போன இடத்தில் பாதித் தட்டைப் பரிமாறியது போல இருந்தது.

கடைசியில் ஃபின்லே போனருகே குனிந்து, தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஸ்பானிஷில் தானே ஏதோ சொன்னான். அவனுடைய ஸ்பானிஷ் முழுக்க மாட்டுக்கொட்டில் ஸ்பானிஷ். மடி, குளம்பு, வீக்கம், சினை. அதற்கு வெளியே அவனுக்கு வார்த்தை கிடையாது. ஆனால் அன்றைக்கு எங்கோ தேடிப்பிடித்து ஒரு வாக்கியம் கொண்டுவந்திருந்தான். "கசாதோவாக இருந்தேன்" என்கிற மாதிரி அவள் காதில் விழுந்தது.

யுரானி உடனே குறுக்கே வந்தாள். "கன்சாதோ. களைப்பா இருக்காராம். ராத்திரி பிரசவத்துல ஒரு கன்னுக்குட்டி குறுக்க மாட்டிக்கிச்சு, இழுத்துப் போட்டுட்டு வந்திருக்கார். நாங்க அப்புறம் கூப்பிடுறோம்மா."

திரை அணைந்தது. லியோனில்தே கண்ணாடியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கன்சாதோ என்றால் களைத்தவன். கசாதோ என்றால் கல்யாணமானவன். நடுவில் ஒரு 'ன்'தான் வித்தியாசம். வெளிநாட்டுக்காரன் நாக்கு அதை விழுங்கியிருக்கலாம். அல்லது அப்படி ஒரு 'ன்' இல்லவே இல்லாமல், யுரானி கொண்டுவந்து சொருகியிருக்கலாம். மகளின் குரல் அந்த இடத்தில் மட்டும் சற்று ஓடியதை அவள் கவனித்திருந்தாள். ஓடுகிற குரல் எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் நகராட்சி நூலகத்துக்குப் போய், பெரியவர்களுக்கான இலவச ஆங்கில வகுப்பில் பெயரைக் கொடுத்தாள். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வகுப்பு எடுத்தவள் ஒமைரா என்கிற கறாரான பெண். எதையும் வரிசைப்படிதான் செய்வாள். முதல் பாடம் பெயர். இரண்டாவது பாடம் ஊர். லியோனில்தே முதல் வகுப்பிலேயே கையைத் தூக்கினாள்.

"டீச்சர், கல்யாணம் ஆச்சான்னு கேக்குறது எப்ப வரும்?"

"அது நாலாவது பாடம், தோன்யா லியோ. முதல்ல பேரு கேக்கப் பழகுங்க" என்றாள் ஒமைரா. ஆணுக்குத் 'தோன்', பெண்ணுக்குத் 'தோன்யா' என்று மரியாதைக்குச் சேர்ப்பது அந்த ஊர் வழக்கம்.

"பேரு எனக்குத் தெரியும். ஆளைத்தான் தெரியணும்."

பக்கத்து மேசையில் இருந்த டாக்ஸி டிரைவர் இசாவ்ரோ விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மனைவி மாதம் தவறாமல் லியோனில்தேயிடம் முடிக்குச் சாயம் போட வருகிறவள். ஒமைரா இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டாள். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். இசாவ்ரோவுக்குக் கேட்பதில் ஆர்வம் இல்லை. "நாள் பூரா எங்க போகணும், எங்க போகணும்னு கேட்டே வாய் வலிக்குது. நீங்களே கேளுங்க தோன்யா லியோ, நான் சும்மா உக்காந்து பதில் சொல்றேன்" என்று விட்டுக்கொடுத்துவிட்டார். அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"வாட் இஸ் யுவர் நேம்?"

"மை நேம் இஸ் இசாவ்ரோ."

"வேர் ஆர் யூ ஃப்ரம்?"

"ஐ ஆம் ஃப்ரம் சொகமோசோ."

வயதில்தான் முதல் தடங்கல் வந்தது. ஸ்பானிஷில் வயது என்பது கையில் வைத்திருக்கிற பொருள். எத்தனை வருஷம் வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். அதையே அவள் ஆங்கிலத்தில் தூக்கிப் போட்டு, "ஹவ் மெனி இயர்ஸ் யூ ஹேவ்?" என்றாள்.

"அப்படிக் கேட்டா, எனக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கின்னு ஜோசியம் கேக்குற மாதிரி இருக்கு" என்றார் இசாவ்ரோ.

ஒமைரா திருத்தினாள். "ஹவ் ஓல்ட் ஆர் யூ. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க எல்லாரும். அந்த ஊர்க்காரங்ககிட்ட வயசு, சம்பளம், கல்யாணம் இதெல்லாம் எடுத்த எடுப்புல கேக்கக்கூடாது. மரியாதை இல்ல."

"அப்ப எதைத்தான் பேசுவாங்க?" என்றாள் லியோனில்தே.

"வெயில், மழை. இன்னிக்கு நல்ல குளிரா இருக்கு, அந்த மாதிரி."

"நம்ம ஊர்ல தினமும் குளிர்தான். அது ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். அப்புறம்?"

ஒமைரா கரும்பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டாள்.

'டூ' என்கிற சொல்தான் எல்லாரையும் படுத்தியது. டூ யூ ஹேவ் சில்ட்ரன் என்று கேட்க வேண்டுமாம். அந்த டூவுக்கு என்ன அர்த்தம் என்று வகுப்பே கேட்டது. அர்த்தம் ஒன்றும் இல்லை, கேள்விக்கு முன்னால் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள் ஒமைரா. அர்த்தமே இல்லாததை எதற்கு வைக்க வேண்டும் என்று இசாவ்ரோ சண்டைக்குப் போனார். லியோனில்தே சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"இது சீப்பு மாதிரி, தோன் இசாவ்ரோ. சீப்பு ஒண்ணையும் வெட்டாது. ஆனா அதை முதல்ல வைக்காம கத்திரியை வச்சா கோணலாப் போயிடும்."

அன்றிலிருந்து அந்த வகுப்பில் யாராவது டூவை விட்டுவிட்டால் மற்றவர்கள், "சீப்பு, சீப்பு" என்று குரல் கொடுத்தார்கள்.

சலூனில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பாடப்புத்தகம் ஆனார்கள். மருந்துக்கடைக்காரர் முதல் பள்ளிக்கூட வாட்ச்மேன் வரை கழுத்தில் துணி ஏறியதும் "வாட் இஸ் யுவர் நேம்" என்று ஆரம்பிப்பாள். "என்ன லியோ, உனக்கு நினைவு தப்பிடுச்சா?" என்று சிலர் பயந்தார்கள். அவளுக்குக் கூச்சமே இல்லை. ஸ்பானிஷில் கேட்டு வாங்கத் தெரிந்தவளுக்கு ஆங்கிலத்தில் மட்டும் வராதா என்ன. நாக்குதான் புதிது, மூக்கு பழசுதானே.

நாலாவது பாடம் வந்தது. ஆர் யூ மேரிட், டூ யூ ஹேவ் சில்ட்ரன், இரண்டையும் அவள் ஒரே நாளில் விழுங்கிவிட்டாள். ஆனாலும் திருப்தி இல்லை. வகுப்பு முடிந்ததும் ஒமைராவை வாசலில் பிடித்தாள்.

"இப்ப கல்யாணம் ஆகியிருக்கான்னு கேக்கத் தெரிஞ்சுது. முன்னால ஆகியிருந்துதான்னு எப்படிக் கேக்குறது?"

"அது இறந்தகாலம். அடுத்த வருஷப் பாடம்."

"என் மாப்பிள்ளை அடுத்த வாரம் வர்றான், டீச்சர்."

ஒமைரா மூடிய புத்தகத்தை மறுபடி திறந்தாள். பிறகு அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வரிசையை மீறிச் சொல்லிக் கொடுத்தாள். வேர் யூ மேரிட் பிஃபோர். லியோனில்தே வீடு வரை அதை வாயில் போட்டு மென்றுகொண்டே போனாள். அந்த 'வேர்' அவளுக்கு 'எங்கே' என்கிற வேர் மாதிரியே ஒலித்தது. எங்கே கல்யாணம் ஆனது என்று அவன் ஊர்ப் பெயர் சொல்லிவிட்டாலும் பரவாயில்லை, அதிலும் விஷயம் வெளியே வந்துவிடும் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

தொடர் விடுமுறை வந்தது. யுரானியும் ஃபின்லேயும் காலைப் பேருந்தில் வந்து இறங்கினார்கள். அவன் வாசலில் குனிந்துதான் உள்ளே வந்தான். கன்னத்தில் முத்தம் கொடுக்கிற வழக்கம் தெரிந்திருந்தது. ஆனால் எந்தக் கன்னம் என்று தெரியாமல் அவள் மூக்கில் இடித்துக்கொண்டான். லியோனில்தே கிழங்கும் அவரையும் சோளமும் மூன்று வகை இறைச்சியும் போட்டுப் பெரிய சட்டியில் கூட்டு வைத்திருந்தாள். அவன் தட்டை நீட்டி இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டான். அதில் அவளுக்கு ஒரு கேள்வி குறைந்தது.

"பயப்படாதீங்கம்மா, நான் பக்கத்துலயே இருக்கேன். எது வேணும்னாலும் எங்கிட்ட சொல்லுங்க, நான் அவர்கிட்ட சொல்றேன்" என்றாள் யுரானி.

"நான் எதுக்குப் பயப்படணும்?" என்றாள் லியோனில்தே. "முதல்ல அவனைக் கூட்டிட்டுக் கடைக்கு வா. இந்தத் தலையோட எங்க வீட்டுல யாரும் சாப்பாட்டுக்கப்புறம் உக்காரக்கூடாது."

சலூன் வீட்டின் முன்னறைதான். விடுமுறை ஆதலால் வேறு யாரும் இல்லை. ஃபின்லேயை நாற்காலியில் உட்காரவைத்து, பெடலை மிதித்துத் தாழ்த்தி, துணியைக் கட்டினாள். யுரானி பின்னால் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் மூவரும் தெரிந்தார்கள். லியோனில்தே தண்ணீர் தெளித்தாள், சீப்பை வைத்தாள், முதல் கத்தை முடியை வெட்டினாள். பிறகு தெளிவாக,

"வாட் இஸ் யுவர் நேம்?" என்றாள்.

பெஞ்சில் போன் நழுவி மடியில் விழுந்தது.

"அம்மா, அவர் பேரு உங்களுக்குத் தெரியுமே. நீங்க எப்ப..."

"நீ சும்மா இரு. நான் வரிசையாத்தான் கேப்பேன். முதல்ல இருந்து ஆரம்பிக்கலன்னா எனக்கு மறந்துபோகும்."

அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, "மை நேம் இஸ் ஃபின்லே" என்றான். பேச்சைக் குறைத்து, நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அவள் கேட்டதைப் புரிந்துகொண்டு, அவளுக்குப் புரியும்படி பேசினான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"வேர் ஆர் யூ ஃப்ரம்?"

"ஐ ஆம் ஃப்ரம் ஸ்காட்லாந்து."

"எஸ்காட்லாந்து. குட். ஆர் யூ எ டாக்டர் ஆஃப் கவ்ஸ்?"

"ஐ" என்றான் அவன்.

ஐ என்றால் நான் என்று அவளுக்குத் தெரியும். நான்... என்று தொடங்கியிருக்கிறான், மீதி வரும் என்று காத்திருந்தாள். மீதி வரவில்லை. சொகமோசோவில் வலித்தால்தான் அப்படி ஒற்றையாக 'ஐ' என்பார்கள். கத்திரி பட்டுவிட்டதோ என்று பதறிக் காதை மடக்கிப் பார்த்தாள். காது சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான். ரத்தம் இல்லை.

யுரானிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அவங்க ஊர்ல ஆமான்னு சொல்றதுக்கு அதுதாம்மா. யெஸ்தான் அது."

"யெஸ்ஸுன்னா யெஸ்ஸுன்னு சொல்ல வேண்டியதுதானே. கத்திரி கையில இருக்குறப்ப இப்படியா பயமுறுத்துவான்" என்றாள் லியோனில்தே. யுரானி மொழிபெயர்க்க வாயெடுத்தாள். "வேணாம். நான் சொல்லிக்கிறேன். ஃபின்லே, நோ ஐ. யெஸ்."

"யெஸ்" என்றான் அவன் பணிவாக.

வயதைக் கேட்டாள். முப்பத்தெட்டு. யுரானியைவிட ஒன்பது கூட. தாங்கும். அம்மா, அப்பா, ஒரு தங்கை. அப்பா ஆடு வளர்ப்பது உண்மைதான். பின்பக்க முடியை எடுத்து முடித்து, பக்கவாட்டுக்கு வந்தாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் கண்ணாடியில் யுரானியின் முகம் நேராகத் தெரியும். சிரிப்பு போய், அது மெல்ல இறுகிக்கொண்டிருந்தது. பாட வரிசை அவளுக்கும் தெரியும். அடுத்து எது வரும் என்று அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள்.

"ஆர் யூ மேரிட்?"

"நோ."

"வேர் யூ மேரிட் பிஃபோர்?"

கத்திரிச் சத்தம் நின்றது. யுரானி எழுந்தாள். "அம்மா, அதை நான் சொல்லணும்னுதான்..."

"நான் உன்னைக் கேக்கல. உக்காரு."

ஃபின்லே கண்ணாடியில் யுரானியைப் பார்த்தான். பிறகு லியோனில்தேயைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. எப்போதோ கீழே வைக்க வேண்டிய சுமையை இன்றைக்கு வைக்கச் சொல்லிவிட்டார்கள் என்பது போல இருந்தது.

"ஐ" என்றான். பிறகு நினைவு வந்து, "யெஸ். ஐ வாஸ்."

"டூ யூ ஹேவ் சில்ட்ரன்?"

"யெஸ். ஒன். எ கேர்ல்."

லியோனில்தேயின் கை சீப்போடு அவன் தலையிலேயே நின்றது. கசாதோவாக இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டான். மாட்டுக்கொட்டில் ஸ்பானிஷில், கஷ்டப்பட்டு, தானாகச் சொல்லியிருக்கிறான். அவள் பெற்ற மகள்தான் ஒரு 'ன்'னைச் சொருகி அதைக் கன்றுக்குட்டியாக்கிவிட்டாள். கோபம் வந்தது. ஆனால் அது நாற்காலியில் இருந்தவன் மேல் வரவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவன் மேல் அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

பெஞ்சின் பக்கம் திரும்பாமல் அடுத்ததைக் கேட்டாள்.

"வாட் இஸ் ஹெர் நேம்?"

"ஐலா."

"ஹவ் ஓல்ட் இஸ் ஷீ?"

"செவன்."

"வேர் இஸ் ஷீ?"

அம்மாவோடு இருக்கிறாள் என்றான். அதற்கு அப்புறம் கேட்க அவளிடம் பாடம் இல்லை. ஆனால் கேள்வி இருந்தது. ஏழு வயதுப் பெண் குழந்தையைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, இவன் உபத்தேயில் மாட்டு மடியைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். அது என்ன கணக்கு? புத்தகத்தில் இல்லாத அந்தக் கேள்வியைக் கையில் கிடைத்த சொற்களை வைத்துத் தானே கட்டினாள்.

"ஷீ, தேர். யூ, ஹியர். ஒய்?"

சீப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு பேச ஆரம்பித்தான். முதல் வரி மட்டும்தான் நிதானமாக வந்தது. அதற்கப்புறம் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்துக் கண்ணை ஒருமுறை துடைத்தான். வெட்டிய முடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. லியோனில்தேக்கு அதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவன் முடிக்கிறவரை கத்திரியை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். பிறகுதான் மகள் பக்கம் திரும்பினாள்.

"இங்க வா. இப்ப நீ சொல்லு. முழுசாச் சொல்லு. அவன் எவ்வளவு நேரம் பேசினானோ அவ்வளவு நேரம் நீயும் பேசணும்."

யுரானி வந்து நாற்காலிப் பக்கத்தில் நின்றாள்.

"அவங்க பிரிஞ்சு நாலு வருஷம் ஆச்சாம். அந்தம்மா வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டு, வடக்க ஒரு தீவுக்குப் போயிட்டாங்களாம். இவர் இருந்த இடத்துல இருந்து கப்பல்ல போகணும். பள்ளிக்கூட லீவுக்குத்தான் குழந்தை இவர்கிட்ட வரும். மத்த நாள்ல காலி வீடு. அந்த வீட்டுல அந்தக் குழந்தையோட சின்ன பூட்ஸ் வாசல்லயே இருக்குமாம், அதைத் தாண்டித் தாண்டிப் போக முடியலங்கிறார். அதான் ஒரு வருஷ வேலைன்னதும் ஒத்துக்கிட்டு வந்துட்டார். புதன்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் பேசுவார். ஜூலையில போயி ரெண்டு மாசம் கூட வச்சுக்கிட்டுத்தான் வருவார். அதை எதுக்காகவும் மாத்த மாட்டாராம், எனக்காகக்கூட மாத்த மாட்டாராம்..." யுரானி நிறுத்தினாள்.

"இன்னும் சொன்னானே."

"இன்னும்..." அவள் தரையைப் பார்த்தாள். "உங்க அம்மாகிட்ட இதை முதல் நாளே சொல்லிடுன்னு யுரானிகிட்ட சொன்னேன், அவ சொல்லல, அதனால நானே மனப்பாடம் பண்ணிச் சொன்னேன், அதையும் அவ மாத்திட்டான்னு பின்னாலதான் எனக்குத் தெரிஞ்சுது. நான் மறைக்கல. மன்னிச்சுக்கங்கன்னு சொல்றார்."

"அவன் எதுக்கு மன்னிப்புக் கேக்குறான்?" என்றாள் லியோனில்தே. கத்திரியை மறுபடி எடுத்தாள். இடது பக்கம் இன்னும் மீதி இருந்தது.

அதை வெட்டத் தொடங்கினாள். அப்போது ஃபின்லே கண்ணாடியில் அவளைப் பார்த்து, "அண்ட் யூ?" என்றான்.

"மீ?"

"ஆர் யூ மேரிட்?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். லியோனில்தே திகைத்துப்போனாள். வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் இசாவ்ரோதான் பதில் சொல்லியிருந்தார். அவள் வாய்க்குப் பதில் பழக்கமே இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் என்ன, ஸ்பானிஷில்கூட அவளை அந்த நாற்காலியிலிருந்து யாரும் எதுவும் கேட்டதில்லை. அவள் கணவன் மரகதச் சுரங்கத்துக்கு என்று போய், சிக்கின்கிராவில் இன்னொருத்தி வீட்டில் தங்கிவிட்டது ஊருக்கே தெரியும். தெரிந்ததால் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அவளும் சொன்னதில்லை.

அவன் சொன்ன பதிலையே கடன் வாங்கினாள்.

"நோ. ஐ வாஸ்." பிறகு அதுவும் போதவில்லை என்று தோன்றி, "ஹீ இஸ் இன் சிக்கின்கிரா. வித் அதர் வுமன். ஷீ குக் குட்" என்றாள்.

ஃபின்லே சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருந்தான். லியோனில்தேயே முதலில் சிரித்தாள். அப்புறம் அவனும் சிரித்தான். துணி குலுங்கி மடியில் கிடந்த முடியெல்லாம் தரையில் கொட்டியது. அவள் அவன் தலையைப் பிடித்து நேராக்கி, வேலையை முடித்தாள். அந்த முடிக்குள்ளிருந்து வெளியே வந்தவன் அழகன்தான் என்று தெரிந்தது.

அவன் சதுக்கத்தைச் சுற்றிப் பார்க்கப் போன பிறகு, சமையலறையில் தாயும் மகளும் சண்டை போட்டார்கள். லியோனில்தே வெல்லத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டே கேட்டாள்: "ஊரு முழுக்க எங்கிட்ட உண்மையைக் கொட்டுது. பெத்த மகள் பொய் சொல்றா. அதுவும் மொழிபெயர்ப்புங்கிற பேர்ல. நான் உன்னை அடிச்சேனா, கடிச்சேனா?"

"மருந்துக்கடை நூபியா ரெண்டு குழந்தைக்காரரைக் கட்டிக்கிட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"'அடுத்தவ ஆக்கி வச்ச சட்டியைச் சூடுபண்ணிச் சாப்பிடப் போறா'ன்னு சொன்னீங்க. கடையில இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. நான் அந்த பெஞ்சிலதான் உக்காந்து பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன். நூபியா அக்கா அதுக்கப்புறம் உங்க கடைப் பக்கம் வரவே இல்ல, கவனிச்சீங்களா? நாளைக்கு என்னையும் அதே நாற்காலியில வச்சுச் சிரிப்பாங்க. சிரிக்க வைக்கிறது நீங்களா இருப்பீங்க. அதான் பயம்."

லியோனில்தே வெல்லத் தண்ணீரை இரண்டு கோப்பையில் ஊற்றினாள். அந்தப் பேச்சு அவளுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு நன்றாகத்தான் எடுபட்டது அது.

"சொன்னேன்" என்றாள். "கடையில பேசுற பேச்சு அது. கையில வேலை இருக்குறப்ப வாயில எதையாவது போட்டுக்கணும்ல. அதை நம்பி நீ வாழ்க்கை நடத்துவியா?"

"நீங்க மாட்டீங்களா?"

லியோனில்தே, அந்த ஊர் வழக்கப்படி, பாலாடைக் கட்டியை நறுக்கி மகளின் கோப்பைக்குள் போட்டாள். "நூபியாவை நான் போய்ப் பாத்துக்குறேன். அது என் பாடு. நீ ஒண்ணு செய். இனிமே அவன் பத்து வார்த்தை பேசினா நீயும் பத்து வார்த்தை சொல்லு. சங்கத்துல இப்படிப் பாதி பாதியாச் சொன்னியானா மாடெல்லாம் செத்துப்போகும்."

யுரானிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பாலாடைக் கட்டி உருகுகிற வரைக்கும் இருவரும் கிளறிக் கிளறிக் குடித்தார்கள்.

விடுமுறை முடிந்து சலூன் திறந்ததும், எப்படியோ விஷயம் பரவிவிட, கேள்வி கேட்கிற முறை ஊருக்கு வந்தது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆனதாமே, குழந்தை இருக்கிறதாமே என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். லியோனில்தே மறைக்கவில்லை, வளைக்கவும் இல்லை. "ஆமா. ஒரு பொண்ணு. ஏழு வயசு. பேரு ஐலா. ஆங்கிலத்துல நானே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வேற என்ன வேணும்?" என்பாள். அதற்கு மேல் கேட்க யாருக்கும் ஒன்றும் இருப்பதில்லை. நூபியாவின் வீட்டுக்கு ஒரு மாலை போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. அடுத்த வாரம் நூபியா வந்து முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு போனாள்.

நூலகத்தில் ஐந்தாவது பாடம் நடந்தது. பிடித்தது, பிடிக்காதது. லியோனில்தே ஒரு வகுப்பையும் விடவில்லை. இசாவ்ரோவிடம் இப்போதெல்லாம், "இன்னிக்கு நீங்க கேளுங்க, நான் சொல்றேன்" என்பாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கேட்டார்.

ஜூலைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை யுரானியும் ஃபின்லேயும் மறுபடி வந்திருந்தார்கள். குழந்தையோடு பேசுகிற நேரம். ஃபின்லே சலூன் கண்ணாடிக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்தான். யுரானியைக் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே அறிமுகம் செய்திருந்தான். இன்றைக்கு லியோனில்தேயை. திரையில் அப்பனின் செம்பட்டை முடியோடு ஒரு சின்ன முகம் வந்தது. முன்பல் ஒன்று இல்லை. முடி சிக்குப் பிடித்து நாலாபுறமும் நின்றது.

லியோனில்தே பெயரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள். குழந்தை பதில் சொல்லிவிட்டு, அவளுக்குப் பின்னால் தெரிந்த நாற்காலியையும் சீப்புகளையும் கண்ணை அகல விரித்துப் பார்த்தது. பிறகு ஏதோ நீளமாகக் கேட்டது. 'ஃபிஷ்' என்ற சொல் மட்டும் லியோனில்தேயின் காதில் விழுந்தது.

"மீன் வேணுமாமா?" என்று யுரானியைக் கேட்டாள்.

யுரானி ஒன்றையும் விடாமல் சொன்னாள். "மீன் வால் மாதிரி பின்னுற சடை உங்களுக்குப் போடத் தெரியுமான்னு கேக்குறா. வகுப்புல ஒரு பொண்ணு போட்டுட்டு வருதாம். அவ அம்மாவுக்குத் தெரியாதாம். அப்பாவுக்கு மாட்டு வால்தான் தெரியுமாம். நீங்க சொல்லிக் குடுத்தா அவளே பழகிக்குவாளாம், கொஞ்சம் மெதுவாச் செஞ்சு காட்டணுமாம்."

"யெஸ்" என்றாள் லியோனில்தே திரையைப் பார்த்து. "ஐ டூ. யூ லுக்."

மகளின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். முதுகு போனுக்குத் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பினாள். தண்ணீர் தெளித்து, யுரானியின் முடியை நடுவில் இரண்டாகப் பிரித்தாள். ஒவ்வொரு இழையையும் எடுத்து, குழந்தை பார்க்கட்டும் என்று சற்றுப் பிடித்துக் காட்டி, பிறகு மறுபக்கம் சேர்த்தாள். குழந்தை அந்தப் பக்கம் தன் முடியில் இரண்டு கைகளாலும் அதையே செய்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் அதற்கு வழுக்கிவிட்டது. லியோனில்தே யுரானியின் பின்னலை அந்த இடம்வரை அவிழ்த்து, மறுபடி அங்கிருந்து போட்டாள்.